ஜல்லி கொட்டிய களம்

செவ்வாய்க்கிழமை பேப்பரில், மாவட்டச் செய்திகள் பக்கத்தில், உர விளம்பரத்துக்கு மேலே அனுராதாவின் படம் வந்திருந்தது. வெள்ளை உடுப்பு, இடுப்பில் கறுப்பு பெல்ட். ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க, இன்னொரு கால் எதிரே நின்ற மாணவி பிடித்திருந்த பஞ்சு பேடில் தோள் உயரத்துக்குப் போய்ப் பட்டிருந்தது. பின்னால் செம்பியன்கட்டளையின் நெல்லுக்களமும், வரிசையாக நிற்கும் பிள்ளைகளும் தெரிந்தன. 'கிராமத்து மாணவிகளுக்கு இலவசமாக டேக்வாண்டோ கற்றுத்தரும் மருமகள்' என்று தலைப்பு. ஊரில் அன்றைக்கு யாரும் தலைப்பைப் படித்ததாகத் தெரியவில்லை. படத்தைத்தான் பார்த்தார்கள்.

குத்தாலத்துக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து வாய்க்காலோடு உள்ளே திரும்பினால் செம்பியன்கட்டளை. திருப்பத்தில் பக்கீர் முகம்மதுவின் டீக்கடை. ஐப்பசி பிறந்து சம்பா நடவு நெருக்கிக்கொண்டிருந்த நேரம். இரவு பெய்த மழையில் கடை வாசல் சேறாகிக் கிடந்தது. பெஞ்சில் பேப்பர் கைமாறிக் கைமாறி ஓரம் நைந்துபோயிருந்தது.

"பொம்பள காலு இவ்வளவு ஒசரம் போவுமா?" என்றார் உரக்கடைக்காரர்.

"போவுதுல்ல. பொய்யா போடுவான் பேப்பர்ல?"

"கொரியாக்காரன் சண்டை நமக்கு எதுக்குய்யா? நம்ம சிலம்பம் இல்லையா?"

பக்கீர் முகம்மது டீயை ஆற்றிக்கொண்டே உரக்கடைக்காரரைக் கேட்டார். "உங்க சின்ன மாமா ரொம்ப வருசம் சிலம்பம் சொல்லிக் குடுத்தாரே, ஒரு பொம்பளப் புள்ளைய சேத்துக்கிட்டாரா?"

"அது வேற பாய்."

"என்ன வேற?"

"பொம்பளப் புள்ள கம்பு சுத்துனா பாக்க நல்லாவா இருக்கும்?"

"அப்ப சிலம்பத்த ஏன் இழுக்குறீங்க? டீயக் குடிங்க, ஆறுது."

அந்த நேரத்தில்தான் கலியபெருமாள் புல்லட்டை நிறுத்திவிட்டு வந்தார். பழைய பஞ்சாயத்துத் தலைவர். பதவி போய் இரண்டு தேர்தல் ஆன பிறகும் ஊருக்கு அவர் தலைவர்தான். மாரியம்மன் கோயில் நிர்வாகமும் அவர் கையில்தான். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பேப்பரை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு, "பக்கிரி வீட்டுப் புள்ளையா இது?" என்றார், தெரியாதவர் மாதிரி.

"மருமவ. கும்பகோணத்துப் பொண்ணு."

"ஊரு பேரையும் சேத்துல்ல போட்டுட்டான்," என்றார்.

பக்கிரிக்குச் சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் கொஞ்சம். சத்தமாகப் பேசி அறியாதவர். மனைவி ஆனந்தவல்லி தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவுக்குப் போகிறவள். சொந்த வயல் நட்ட பிறகு மற்றவர்கள் வயல், களையெடுப்பு, அறுப்பு மெஷின் வராத மூலைகளில் அறுப்பு. ஒரே மகன் ராஜ்குமார் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். நாலு வருடம் முன்பு அனுராதாவைப் பெண் பார்க்கப் போனபோது, அவள் கல்லூரியில் டேக்வாண்டோவில் கறுப்பு பெல்ட் வாங்கியவள் என்று அவள் அப்பா ஷோகேஸில் இருந்த கோப்பைகளைக் காட்டினார். "எனக்கு இனிமே பயமில்ல, பாடிகார்டு வந்தாச்சு," என்று ராஜ்குமார் சிரித்தான். நண்பர்களிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளை உடுப்பு பீரோவின் அடித்தட்டுக்குப் போனது.

அது வெளியே வந்ததற்குக் காரணம் மரியபுஷ்பம் டீச்சர். உயர்நிலைப்பள்ளிக்குச் சைக்கிளில் போகிற பெண்பிள்ளைகளை வாய்க்கால் மதகடியில் சில பையன்கள் மறிக்க ஆரம்பித்திருந்தார்கள். துப்பட்டாவை இழுப்பது, சைக்கிள் சாவியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிவது. பெற்றவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னபோது, "பொம்பளப் புள்ளைங்கள சேந்து போவச் சொல்லுங்க, இருட்டுறதுக்குள்ள வரச் சொல்லுங்க," என்று பதில் வந்தது. ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். டீச்சர் ஒருநாள் பக்கிரி வீட்டுக்கு வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அனு, நீ கத்துக்கிட்டதுல கொஞ்சம் எங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடேன்மா."

அறுப்பு இல்லாத காலத்தில் களம் சும்மாதான் கிடக்கும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் புத்தகப் பையைக் களத்து ஓரத்தில் வைத்துவிட்டு வரிசை பிடித்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து நூர்ஜஹான் தன் மகள் தஹ்மீனாவை ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். "ஹானா, துல், செட், நெட்" என்று பிள்ளைகள் கொரிய மொழியில் எண்ணிக்கொண்டே கால் வீசும் சத்தம் சாயங்காலங்களில் தெருவரைக்கும் கேட்டது. மதகடியில் மறிப்பது நின்றது. யாரையும் யாரும் உதைக்கவில்லை. சாவியைப் பிடுங்க வந்தவனின் மணிக்கட்டைத் தஹ்மீனா ஒருமுறை பிடித்துத் திருப்பினாள், அவ்வளவுதான். இத்தனையும் ஊருக்குத் தெரியும். பேப்பரில் வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் ராஜ்குமார் வீடியோவில் கூப்பிட்டான். அனுராதா அடுப்படியில் சுண்டைக்காய் வத்தலை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"ஊரு குரூப்ல எவனோ அந்தப் படத்தப் போட்டிருக்கான். இங்க ரூம்ல எல்லாரும் பாத்துச் சிரிக்கிறானுவ. ஒருத்தன் அதைப் பெரிசு பண்ணிப் பாக்குறான். எனக்கு எப்படி இருக்கும்?"

"அவனுக்கு என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது?"

"உங்க பொண்டாட்டி படத்தப் பெரிசு பண்ணிப் பாக்குறவன்கிட்ட ஒண்ணுமே சொல்லல. என்கிட்ட சொல்ல வந்துட்டீங்க."

"இப்படிப் பேசாத அனு. நாளையோட நிறுத்து. இல்ல, கும்பகோணத்துக்குக் கெளம்பு. நான் லீவுல வந்து பேசிக்கிறேன்."

"என்ன தப்பு பண்ணேன்னு சொல்லிட்டு அனுப்புங்க. போறேன்."

அவன் வைத்துவிட்டான். வத்தல் கருகிப்போயிருந்தது. ஆனந்தவல்லி கருகினதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் கோபம்தான். ஆனால் அன்றைக்கு அது மருமகள் மேல் இருந்தது.

"சொல்லிக்குடுக்குறது சரி. பேப்பர்காரனைக் கூப்புட்டுப் படம் புடிக்கச் சொன்னது யாரு?"

"டீச்சர் சொல்லித்தான் அத்தை வந்தாங்க. நாலு பிள்ளைங்க கூட வந்து சேருவாங்கன்னு."

"சேருவாங்க. ஊரு வாயி சேந்துக்கிட்டுப் போவுது பாரு," என்றாள். பக்கிரி கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மாலை அனுராதா களத்துக்குப் போனபோது அங்கே இடம் இல்லை. களம் முழுக்கக் கருங்கல் ஜல்லி கொட்டிக் கிடந்தது. கோயில் மதிலுக்கு என்று டிப்பர்காரன் சொன்னானாம். கோயிலுக்கும் களத்துக்கும் இடையே இரண்டு தெரு. கோயில் வாசலில் லாரி திரும்பவும் இடம் இருந்தது.

பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். சிலர் வரவேயில்லை. வந்த பிள்ளைகளை அனுராதா பார்த்தாள். பிறகு களத்துக்கு முன்னால் ஓடும் தார்ச்சாலையில் கோடு போட்ட மாதிரி நிற்கச் சொன்னாள். குத்தாலத்திலிருந்து வந்த மினிபஸ் ஹாரன் அடித்தது. பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"வரிசை கலைய வேணாம். ஓரமா நகருங்க, பஸ் போவட்டும். போனதும் திரும்ப நில்லுங்க."

பஸ் போயிற்று. டிரைவர் தலையை நீட்டி, "ஏன்மா, ரோடு உங்க அப்பன் வீட்டுதா?" என்றான்.

"களம் உங்க அப்பன் வீட்டுதான்னு ஜல்லி கொட்டுனவங்களக் கேட்டுட்டு வந்து என்னைக் கேளுங்க," என்றாள் அனுராதா. எண்ணிக்கையை அவளே தொடங்கினாள். "ஹானா."

மூன்றாம் நாளே பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. குழாயடியில் யாரோ சொல்லி, ரேஷன் கடை வரிசையில் யாரோ சேர்த்து, அது ஆனந்தவல்லியின் காதுக்கு நாற்றங்காலில் வந்து சேர்ந்தது. கல்யாணமாகி நாலு வருடமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையே, இப்படிக் காலை வீசினால் கர்ப்பப்பை நகர்ந்துபோகும், டீச்சரே சொன்னாராம், டாக்டரே சொன்னாராம். ஆனந்தவல்லி நாற்றுமுடியை இறுக்கிக் கட்டியபடி கேட்டாள்.

"எம் மவன் சிங்கப்பூர்ல இருக்கான். வருசத்துக்கு ஒருக்கா வந்து சூட்கேச எறக்கி வச்சிட்டு ஏத்திக்கிட்டுப் போறான். புள்ள என்ன கூரியர்லயா வரும்?"

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அனுராதா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வெள்ளை உடுப்பைத் திருப்பித் திருப்பி அலசிக்கொண்டிருந்தாள். சோப்பு போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அவளுக்கும் காதில் விழுந்திருக்கிறது என்று ஆனந்தவல்லிக்குப் புரிந்தது. ஒன்றும் கேட்காமல் உடுப்பை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டாள். அன்று ராத்திரிச் சோற்றுக்குக் கெண்டைக்குழம்பு வைத்து, நடுத்துண்டை மருமகள் தட்டில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கோயில் மண்டபத்தில் கூட்டம். 'களத்தைப் பயன்படுத்துவது சம்பந்தமாக' என்று மைக்கில் சொன்னார்கள். ஆண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் வழக்கம்போல வெளியே மதிலோரம் நின்றார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மரியபுஷ்பம் டீச்சர் வந்து குடையை மடக்கியபோது, "டீச்சர் வெளியூர், இது ஊர் விஷயம்," என்றார்கள். அவர் போகவில்லை, அனுராதாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கலியபெருமாள் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். "களம் நெல்லு காயப்போடத்தான் கட்டுனது. அதுல ஆட்டம் போட இல்ல. யாரு மேலயும் எனக்குக் கோவம் கெடயாது. ஊருக்குன்னு ஒரு மானம் இருக்கு. நம்ம வீட்டுப் பொம்பள காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறத குத்தாலம் முழுக்கப் பாத்திருக்கான். கும்பகோணத்துல பாத்திருக்கான். நாளைக்கு நம்ம பொண்ணுங்கள எவன் கட்டுவான்?"

அனுராதா மண்டபத்துப் படிவரைக்கும் வந்தாள். "நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தாள்.

"மதகடியில பிள்ளைங்கள மறிச்ச பசங்க யாருன்னு இங்க உக்காந்திருக்குற எல்லாருக்கும் தெரியும். அதுக்கு இந்த மண்டபத்துல என்னைக்குக் கூட்டம் போட்டீங்க? ஒரு பிள்ளை படிப்பையே விட்டுச்சு. அப்ப ஊர் மானம் எங்கங்க இருந்துச்சு?"

"அது சின்னப் பசங்க விளையாட்டு," என்றார் கலியபெருமாள். "பக்கிரி, மருமவள வீட்டுக்குப் போவச் சொல்லு."

பக்கிரி பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "கேக்குறது நியாயமாத்தான் இருக்கு தலைவரே," என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. கேட்டவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உரக்கடைக்காரர் சமாதானம் செய்கிறவர் போல எழுந்தார். "நல்லதுக்குச் சொல்றோம்மா. கல்யாணமாயி இத்தன வருசம் ஆச்சு. இப்படிக் காலை வீசிக்கிட்டு இருந்தா வயித்துல என்ன தங்கும், சொல்லு? நாளைக்கு எங்க பொண்ணுங்களுக்கும் அப்படி ஆயிட்டா யாரு பொறுப்பு?"

அனுராதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆனந்தவல்லி மதிலோரத்திலிருந்து நடந்து வந்து, படியேறி, மண்டபத்துக்குள்ளேயே போய் நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். நடவுக்கு இறங்கும்போது செருகுவதுபோல.

"ராஜ்குமார் எனக்கு வயித்துல நெறமாசம். தலைவரே, உங்க பள்ளத்து வயல்லதான் நட்டேன். ஞாபகம் இருக்குங்களா? குனிஞ்சா வயிறு இடிக்குது. காலை அகட்டி வச்சிக்கிட்டு நட்டேன். நீங்க வரப்புல குடை புடிச்சிக்கிட்டு நின்னீங்க. 'ஆனந்தவல்லி, கை ஓடட்டும், பொழுது சாயுது'ன்னு சொன்னீங்க. கர்ப்பப்பை நகர்ந்துடும்னு அன்னைக்கு யாரும் கூட்டம் போடல."

அவள் பெண்கள் நின்ற பக்கம் கையைக் காட்டினாள்.

"முட்டிக்கு மேல சேலையத் தூக்கிச் செருவிக்கிட்டு இந்த ஊரு பொம்பளைங்க அத்தன பேரும் உங்க வயல்ல குனிஞ்சு நிக்கிறோம். பின்னால வரப்புல வரிசையா ஆம்பளைங்க நிக்கிறீங்க. பீடி குடிக்கிறீங்க. பேசுறீங்க. பாக்குறதையும் பாக்குறீங்க. அந்தக் காலைப் பாத்து ஊரு மானம் போவலையே. அவ உடம்பு முழுக்க மூடிக்கிட்டு ஒரு காலைத் தூக்குனா போயிருமா?"

"அது வேல, ஆனந்தவல்லி," என்றார் கலியபெருமாள். "வேலையையும் இதையும் ஒண்ணா வச்சுப் பேசாத."

"உங்களுக்காகத் தூக்குனா வேல. அவ தனக்காகத் தூக்குனா அசிங்கம். சரிங்க. ஊரு சொன்னா கட்டுப்படணும். பொம்பள காலு ஆம்பள கண்ணுல படக் கூடாது, அவ்வளவுதானே. நாளைக்கு உங்க பள்ளத்துல நடவு. நாத்தைக் கொண்டாந்து போட்டுட்டு எல்லா ஆம்பளையும் போயிரணும். வரப்புல ஒருத்தர் நின்னாலும் நாங்க எறங்க மாட்டோம்."

பாயில் யாரோ சிரித்தார்கள். வெளியே மதிலோரம் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆனந்தவல்லி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு தூறலில் இறங்கிப் போனாள்.

கலியபெருமாளின் பள்ளத்து நிலம் ஊரிலேயே தாழ்வானது. நடவு மெஷின் இறங்கினால் புதையும். போன வருடம் புதைந்த மெஷினை இழுக்க டிராக்டர் கொண்டுவந்து, டிராக்டரும் மாட்டிக்கொண்டது. கையால்தான் நட வேண்டும். திங்கட்கிழமை காலை நாற்றுமுடிகள் வயல் முழுக்க எறிந்து கிடந்தன. வானம் மூடியிருந்தது. அன்று விட்டால் மழை பிடித்துக்கொள்ளும், பறித்த நாற்று வெளுத்துப்போகும் என்று அவருக்குத் தெரியும்.

பெண்கள் வந்தார்கள். தூக்குச்சட்டிகளை மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டு, வயலில் இறங்காமல் ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். எல்லோர் சேலையும் கணுக்கால்வரை இறங்கியிருந்தது. சேறு தெறித்துவிடுமோ என்று பயந்தவர்கள் போலக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். அனுராதாவும் அவர்களோடு வந்திருந்தாள். அவளுக்கு நடவு சுமாராகத்தான் வரும்.

கலியபெருமாள் வரப்பில் குடையோடு நின்றார். நாற்று எறிந்த ஆட்கள் ஏற்கனவே கொட்டகைக்குப் பின்னால் போய், எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா ஆனந்தவல்லி, விளையாடுறியா? எறங்குங்க. வானத்தப் பாத்தல்ல."

"பாத்தேங்க. நீங்க போனா எறங்குறோம்."

"எங்க வயல்ல நான் நிக்கக் கூடாதா?"

"நீங்க போட்ட கட்டுப்பாடுதாங்க."

"மெஷின வரச் சொல்றேன்."

"வரச் சொல்லுங்க. இழுக்கக் கிரேனும் சேத்து வரச் சொல்லுங்க."

அவர் மற்ற பெண்களைப் பார்த்தார். ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பேர் சொல்லப்பட்டவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் நகரவில்லை. கடைசியில் நின்றவள் மகளை வகுப்புக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டவள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயாவது எறங்கு," என்றார். அவள், "எங் காலும் பொம்பள காலுதாங்க," என்றாள்.

மேற்கே இடி உருண்டது. குடையின் மேல் முதல் துளிகள் விழுந்தன.

"நான் எங்கதான் போயி நிக்கிறது?" என்றார் கலியபெருமாள். இப்போது அவர் குரலில் அதிகாரம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"அதை நாங்க எப்படிங்க சொல்றது? கூட்டம் போட்டுக் கேளுங்க," என்றாள் ஆனந்தவல்லி. "போறப்ப ஒண்ணு. களத்துல கெடக்குற ஜல்லிய அள்ளச் சொல்லிட்டுப் போங்க. நெல்லு காயப்போடத்தானே களம்."

அவர் போனார். வரப்பு வழுக்கியது; ஓரிடத்தில் குடையை ஊன்றிக்கொண்டு தடுமாறி நின்று, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். புல்லட் கிளம்பும் சத்தம் கேட்டதும் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகினார்கள். மழை பிடிப்பதற்குள் முக்கால் வயல் நட்டார்கள். மீதியை மழையிலேயே நட்டார்கள். அனுராதா நட்ட வரிசை கோணலாகப் போனது. பக்கத்தில் நட்டவள் ஒன்றும் சொல்லாமல் அதைப் பிடுங்கிச் சரியாக ஊன்றிக்கொண்டே வந்தாள்.

ஜல்லி உடனே போய்விடவில்லை. மழை விட்ட பிறகு ஒரு டிராக்டர் வந்து பாதியை அள்ளிக் கோயில் பக்கம் கொண்டுபோனது. மீதியை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போனார்கள். வருத்தம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உரக்கடைக்காரர் பக்கிரியைப் பார்த்தால் பேசுவதுபோலப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளில் சிலர் திரும்ப வந்தார்கள், சிலர் வரவில்லை. படிப்பை விட்ட பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை. ஆனால் சாயங்காலம் களத்துக்கு வந்தாள். அவள் அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்து, "இதாவது கத்துக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டு மரியபுஷ்பம் டீச்சருக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. படிப்பைத் தொடரச் சொல்லி மறுபடி அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அனுராதாவிடம் சொன்னார்.

ராஜ்குமார் அதுவரை அம்மாவுக்குத்தான் போன் செய்துகொண்டிருந்தான். கூட்டத்தில் நடந்ததும், வயலில் நடந்ததும் குரூப்பில் அவனுக்கும் போயிருந்தது. ஒரு சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு, சுற்றி வளைத்து, "அனு இருக்காளா?" என்றான். ஆனந்தவல்லி அப்போது மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள்.

"இருக்கா. களத்துல."

"கோவமா இருக்காளா?"

"எங்கிட்ட கேட்டா? அவகிட்ட கேளு. போனைக் கொண்டுபோயிக் குடுக்குறேன்."

அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டே தெருவைத் தாண்டிக் களத்துக்கு வந்தாள். பிள்ளைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, ஒருத்தி பேடைப் பிடிக்க இன்னொருத்தி உதைத்துக்கொண்டிருந்தார்கள். அனுராதா தஹ்மீனாவின் ஊன்றிய காலைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அனு, அவன்," என்று ஆனந்தவல்லி போனை நீட்டினாள். ஸ்பீக்கரில் இருந்தது.

"அனு," என்றான் ராஜ்குமார். "நான் அன்னைக்கு ஏதோ..."

"வகுப்பு எடுத்துக்கிட்டு இருக்கேங்க," என்றாள் அனுராதா. "சொல்லணும்னா முழுசா யோசிச்சு வச்சிக்குங்க. எனக்கு நேரம் இருக்குறப்ப கூப்புடுறேன்."

போனை வாங்கி அவளே அணைத்து, மாமியார் கையில் கொடுத்துவிட்டு வரிசைக்குத் திரும்பினாள். அந்த வாரம் முழுக்க அவள் அவனைக் கூப்பிடவில்லை.